மோட்டார் வண்டியின் பக்க அரண்

கோட்டை கட்டுவோர், பகைவன் எத்திசையினின்று வருவான் என எதிர்நோக்கி, அத்திசையிலே மதிலை உயர்த்தி அகழியை ஆழப்படுத்துதல் இயல்பு. புறப்பொருள் இலக்கணம் மதில் காத்தலை நொச்சி என ஒரு தனித் திணையாக வகுத்திருப்பதும் அக்காவலின் அருமை நோக்கியே போலும். எனினும், நினையாத பக்கத்தினின்று பகைவன் வந்தால், முன்வாயிலிற் குவித்த காவலால் பயன் யாது? இவ்வினா பண்டைக் கோட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. நாம் நாள்தோறும் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டிகளுக்கும் உரியதே. இதனை எனக்கு உணர்த்தியது யாதொரு நூலும் அன்று. எம் குடும்பத்திற்கு நேர்ந்த ஒரு துன்பம்.

எமது ஊர் பூந்தமல்லி. சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை எம்மூரை ஒட்டிச் செல்கின்றது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லும் லாரிகளும், ஆவடி, அம்பத்தூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்களும் வேன்களும் இரவு பகல் என்னும் வேறுபாடின்றி இங்கே ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுகின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில், என் பெரியப்பாவின் மகளாகிய அக்காள், வாடகைக் கார் ஒன்றின் பின்னிருக்கையில் இடப்புறம் அமர்ந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு சந்தியிலே, குறுக்குத் தெருவினின்று விரைந்து வந்த வேன் ஒன்று அவள் பக்கத்துக் கதவின்மேல் நேரே மோதிற்று. இடுப்பெலும்பு முறிந்தது, விலாவெலும்புகள் மூன்று முறிந்தன. மூன்று மாதம் படுக்கையிற் கிடந்து எழுந்தாள். இன்றும் மாடிப்படி ஏறுங்கால் கைப்பிடியைப் பற்றியே ஏறுகின்றாள்.

மறுநாள் அவ்வண்டியைக் காணச் சென்ற பெரியப்பா, அதன் முன்புறத்தை நெடுநேரம் நோக்கி நின்றார். விளக்குகள் உடையவில்லை, கண்ணாடி கீறவில்லை, பம்பரில் ஒரு வடுவும் இல்லை. “முன்னாலே ஒன்றுமே ஆகவில்லையே அப்பா!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வியப்பிலே அடங்கிய வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பக்கத்தின் வறுமை

நேர்முகமாக ஒரு வண்டி மோதுங்கால், பயணிக்கும் இடிக்கும் இடையே நீண்டதொரு வெளி உண்டு. பம்பர், அதன் பின்னுள்ள எஃகு நீளங்கள், சக்கரம், இயந்திரம் ஆகிய இவையெல்லாம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவுக்கு மடிந்து நசுங்கி, இடியின் வேகத்தைச் சிறிது சிறிதாக உண்டு தீர்க்கின்றன. ஆகவே முன்புறத்திற்கு அகழியும் உண்டு; மதிலும் உண்டு. பக்கத்திலோ அகழி இல்லை. கதவின் தகட்டுக்கும் நம் தோளுக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு சாண் வெளியே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். அவ்வேகத்தில் வரும் வண்டி ஒரு சாண் தொலைவைக் கடக்க நொடியின் ஐம்பதில் ஒரு பங்கும் வேண்டுவதில்லை.

போர்க்கலங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. 1961-ஆம் ஆண்டு ஆவடியில் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையில் டாங்கிகள் கட்டப்படுகின்றன. டாங்கி யாதாயினும், அதன் முகக் கவசமே மிகத் தடிப்பானது. பக்கக் கவசம் அதனின் மெல்லியது. போர்க்களத்திலே டாங்கியின் தலைவன் தன் முகத்தைப் பகைவனுக்கு நேரே திருப்பிக்கொள்ளலாம். நாற்சந்தியைக் கடக்கும் கார் அவ்வாறு திரும்பிக்கொள்ள இயலுமோ? இயலாது. ஆதலின் பக்கத்தின் வறுமையை வேறு வழியாலேயே தீர்த்தல் வேண்டும்.

எஃகுச் சட்டம்

செடான் என வழங்கும் தாழ்ந்த உருவக் கார் ஒன்றின் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்து நோக்கினால், இரண்டிற்கும் நடுவே கூரைக்கும் தளத்திற்கும் இடையே ஒரு தூண் நிற்பதைக் காணலாம். அந்நடுத்தூணே பக்கக் காவலின் முதுகெலும்பு. நல்ல வண்டிகளில் இத்தூணைச் சாதாரண எஃகினால் ஆக்குவதில்லை. போரான் என்னும் தனிமம் சிறிதே கலந்த எஃகுத் தகட்டை 900 பாகை சென்டிகிரேடுக்கு மேல் செந்தழலாகக் காய்ச்சி, அச்சிலிட்டு அழுத்தி, அவ்வச்சிலேயே விரைந்து குளிர்விப்பர். அவ்வாறு பதப்பட்ட எஃகு, சாதாரணத் தகட்டைக் காட்டிலும் பன்மடங்கு வன்மையுடையதாகின்றது.

வன்மை மட்டும் போதாது. இடி எங்கே செல்லவேண்டும் என்பதையும் முன்னரே வகுத்தல் வேண்டும். கதவுக்குள்ளே ஓர் எஃகுத் தண்டு நெடுக்காக ஓடுகின்றது. அது தான் பெற்ற இடியை நடுத்தூணுக்கும் முன்பின் தூண்களுக்கும் தருகின்றது. தூண் அதனைக் கதவுகளின் கீழுள்ள அடிவிட்டத்திற்கும் மேலுள்ள கூரைவிட்டத்திற்கும் பகிர்கின்றது. அவ்விட்டங்கள், இருக்கைகளின் கீழும் கூரையிலும் குறுக்காக ஓடும் சட்டங்களின் வழியே, அடிபடாத மறுபக்கத்திற்கும் அவ்விடியைக் கொண்டு செல்கின்றன. ஒருவன் தலையில் ஏற்றிய சுமையை ஊரார் பலர் பகிர்ந்து தாங்குதல் போன்றது இது.

இங்கே அறிஞர் கையாண்ட நுட்பம் ஒன்று குறிக்கத்தக்கது. நடுத்தூணின் மேற்பகுதியை மிக வன்மையாகவும், கீழ்ப்பகுதியைச் சிறிது நெகிழ்வாகவும் அமைக்கின்றனர். அதனாலே தூண் உள்நோக்கி வளையுங்கால் மார்பின் உயரத்தில் வளையாது, இடுப்பின் உயரத்திலே வளைகின்றது. ஏன் அவ்வாறு? மனித உடலில் இடுப்பெலும்பு பெருஞ்சுமை தாங்கவல்லது, விலாவெலும்புகளோ மெலிந்தவை, அவற்றின் உள்ளே நெஞ்சும் நுரையீரலும் ஈரலும் உறைகின்றன. ஆகவே, அடி தவிர்க்கவியலாததாயின் அதனைத் தாங்கவல்ல இடத்திற்குத் திருப்புக என்பதே இவ்வமைப்பின் கருத்து. இதனை அறிந்த பின்னரே, என் அக்காளின் உயிர் பிழைத்ததன் அருமை எனக்கு விளங்கிற்று.

மாத்திரைக்குள் விரியும் பைகள்

எஃகு மட்டும் மனிதனைக் காப்பதில்லை. எஃகுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தென ஒரு பொருள் வேண்டும். அதுவே ஏர் பேக் எனப்படும் காற்றுப்பை. பக்கக் காவலுக்கு இதில் இருவகை உண்டு. இருக்கையின் ஓரத் தையலினுள் மடிந்து கிடந்து, மார்பையும் இடுப்பையும் காப்பது ஒன்று. கூரையின் ஓரத்தில் சுருண்டு கிடந்து, சன்னல் முழுமையும் மறைக்கத் திரைபோல் இறங்கித் தலையைக் காப்பது மற்றொன்று. பின்னதைத் திரைப்பை என்பர்.

இடி நிகழ்ந்தமையை இப்பைகள் அறிவதெவ்வாறு? பல வண்டிகளில் கதவின் உட்குழியில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று அமைந்துளது. தகடு உள்நோக்கி நசுங்கத் தொடங்கியவுடன் உட்குழிக் காற்று நெருக்குண்கின்றது. கருவி அதனைக் கண்டு செய்தி அனுப்புகின்றது. தூணில் அமைந்த மற்றொரு கருவி அதிர்ச்சியை அளந்து அச்செய்தியை உறுதிப்படுத்துகின்றது. உடனே வாயு பீறிட்டுப் பை விரிகின்றது. இவையனைத்தும் நொடியின் ஆயிரத்தில் பத்து முதல் இருபது பங்குக்குள் முடிதல் வேண்டும். நம் இலக்கண நூலார் கண்ணிமைக்கும் காலத்தை ஒரு மாத்திரை என்றனர்; மிகக் குறுகி ஒலிக்கும் மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை கொடுத்தனர். அக்கால் மாத்திரைக்குள்ளே அறிதல், ஆராய்தல், ஆற்றுதல் ஆகிய மூன்றும் நிகழ்ந்து முடிகின்றன என்றால், இக்கருவியின் விரைவை என்னென்பது!

இவை ஒருநாளில் தோன்றியவை அல்ல. சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனம் பக்க இடிக்கான தனிச் சட்ட அமைப்பை 1991-இல் வெளியிட்டது. பக்கக் காற்றுப்பையை 1994-இல் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தலையைக் காக்கும் குழல்வடிவப் பையை 1997-இல் தன் உயர்தரச் செடானிற் பொருத்தியது. 1998-இல் வோல்வோவின் திரைப்பை வந்தது. இவையனைத்தும் முதலில் செல்வர் ஏறும் வண்டிகளிலேயே தோன்றி, பின்னரே எளியோர் வண்டிகளுக்கு இறங்கின. செல்வர் வண்டியால் உலகிற்கு விளைந்த நன்மைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

சோதனை

செய்தவன் சொல்லை நம்புவதினும், அடித்துப் பார்த்து அறிதலே அறிவுடைமை. பக்க இடிச் சோதனையில், நிற்கும் காரின்மேல் சக்கரம் பூண்ட பாரமொன்றை ஏவுகின்றனர். அதன் முகம் நசுங்கும் இயல்புடைய அலுமினியத்தால் ஆகியது. மற்றொரு வண்டியின் முகத்தை அது குறிக்கும். காருக்குள்ளே மனித உருவப் பொம்மைகள் அமர்ந்திருக்கும். அவற்றின் தலையிலும் விலாவிலும் இடுப்பிலும் பொருத்திய கருவிகள், மெய்யான மனிதனாயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கணக்காக உரைக்கும்.

ஐரோப்பிய முறையில் வந்த சட்டச் சோதனையில் அப்பாரம் 950 கிலோ எடையுடையது. வேகம் 50 கிலோமீட்டர். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2003-இல் தொடங்கிய சோதனையில் 1,500 கிலோ பாரத்தை அதே வேகத்தில் ஏவினர். முன்னிருக்கையில் ஒன்றும் பின்னிருக்கையில் ஒன்றுமாகச் சிறிய உடலமைந்த பெண்ணுருவப் பொம்மைகளையே அமர்த்தினர். குட்டையானோரின் தலையே எதிர்வண்டியின் முகத்திற்கு நேராக அமையும் என்பது அவர் கருத்து. ஜீப் போன்று உயர்ந்த வண்டிகள் சாலையில் பெருகவே, அக்கழகத்தார் 2021-இல் பாரத்தை 1,900 கிலோவாகவும் வேகத்தை 60 கிலோமீட்டராகவும் உயர்த்தினர். வேகம் பத்தே உயர்ந்தது போலத் தோன்றினும், இடியின் ஆற்றல் நூற்றுக்கு 82 பங்கு மிகுந்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்மடங்காகும் என்னும் பௌதிக விதியை இங்கே கண்கூடாகக் காணலாம். இச்சோதனையில் தேறிய வண்டிகளால் பயன் உண்டோ எனில், உண்டு. ஓட்டுநர் பக்கத்து மோதல்களில், ‘நன்று’ என மதிப்புப் பெற்ற வண்டியை ஓட்டுபவர் இறக்கும் வாய்ப்பு, ‘இழிவு’ என மதிப்புப் பெற்ற வண்டியை ஓட்டுபவரினும் நூற்றுக்கு 70 பங்கு குறைவென அக்கழகத்தார் 2011-இல் கண்டனர்.

மற்றொன்று கம்பச் சோதனை. இதில் கார் பக்கவாட்டாக நகர்ந்து சென்று 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பத்தின்மேல் மோதும். வழுக்கிய வண்டி சாலையோரப் புளியமரத்திலோ விளக்குக் கம்பத்திலோ பக்கவாட்டாகச் சாய்ந்து மோதுவதை இது குறிக்கும். இங்கே இடி முழுவதும் ஒரு சாண் அகலத்தில் ஒருங்கு கூடுகின்றது. இன்னும் ஒரு விந்தை உண்டு: எதிர்வண்டி மோதுங்கால் பெரிய காரின் பாரம் அதற்குத் துணையாகலாம், கம்பத்தில் மோதுங்காலோ அதே பாரம் அதற்கே பகையாகின்றது. தன் கனத்தைத் தானே தாங்கவேண்டியதன்றோ! ஆதலின் ‘பெரிய வண்டி, கனத்த வண்டி, எனவே காவலுள்ள வண்டி’ என்னும் கணக்கு எவ்விடத்தும் பொருந்துவதன்று.

நம் நாட்டு நிலை

பக்க இடியின் கொடுமையை நம் நாடு முழுவதும் உணர்ந்த நாள் ஒன்றுண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் காலை, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டே அவர்கள் டில்லியில் விமான நிலையம் நோக்கிச் செடான் ஒன்றின் பின்னிருக்கையிற் சென்றுகொண்டிருந்தார். பதவியேற்று எட்டு நாட்களே ஆகியிருந்தன. சந்தியில் மற்றொரு கார் அவர் அமர்ந்த பக்கத்தில் மோதிற்று. வெளியே பெருங்காயம் தோன்றவில்லை. ஆயினும் உள்ளே ஈரல் சிதைந்தும் கழுத்தெலும்பு முறிந்தும் அவர் உயிர் நீத்தார். அவர் இருக்கை வார் அணிந்திருக்கவில்லை என்பதும் அன்றே வெளியாயிற்று.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டிலேயே பக்க இடிச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி பிறந்திருந்தது. நம் நாட்டில் 2017 அக்டோபர் 1 முதல் புதிதாக வெளிவரும் கார்களுக்கும், 2019 அக்டோபர் 1 முதல் எல்லாக் கார்களுக்கும் அச்சோதனை கட்டாயமாயிற்று. ஆகவே, அந்நாட்களுக்கு முன் செய்யப்பெற்ற பழைய கார்களுள் பல, இச்சோதனையைக் காணாமலே இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. 2022-இல் ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்க அரசினர் முன்வந்தனர். பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டு, 2023-இல் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக, 2023 அக்டோபர் முதல் ‘பாரத் என்கேப்’ என்னும் விண்மீன் மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. மூன்று விண்மீனும் அதற்கு மேலும் பெற விரும்பும் கார், 50 கிலோமீட்டர்ப் பக்க இடிச் சோதனையோடு 29 கிலோமீட்டர்க் கம்பச் சோதனையும் தேறுதல் வேண்டும். ஆனால், இம்மதிப்பீட்டிற்கு வருதல் செய்வோர் விருப்பமே.

இவை எமக்குத் தொலைநாட்டுச் செய்திகள் அல்ல. மோட்டார் வண்டிகளை ஆராயும் அரசு நிலையம் ஒன்று ஒரகடத்தில் உளது. பி.எம்.டபிள்யூ. செடான்கள், 2007-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டப்படுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஆலையமைத்த ஹூண்டாய் நிறுவனத்தின் வெர்னா என்னும் செடான், 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து விண்மீன் பெற்றது. வெர்னா செல்வர்க்கே உரிய வண்டியன்று. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் வண்டியே.

விலையும் காவலும்

அக்காள் நடமாடத் தொடங்கியபின், இனி வாடகைக் காரை நம்புவதில்லை என்று பெரியப்பா முடிவு செய்தார். பழைய கார் வணிகர் ஒருவர் ஓர் உயர்தர அயல்நாட்டுச் செடானைக் காட்டினார். பத்தாண்டுகள் ஓடிய வண்டி; விலையோ புதிய சிறு காரின் விலையே. வணிகர் கதவைத் திறந்து மூடி, “ஐயா, சத்தத்தைக் கேட்டீர்களா? இரும்புப் பெட்டி மாதிரி!” என்றார். உண்மையில் அக்கதவு கனமாக, இனிய ஓசையோடு மூடிற்று. பெரியப்பா என்னை நோக்கி, “நீ படிக்கிற பிள்ளை, விசாரித்துச் சொல்” என்றார். யானோ தமிழ் மாணவன். எம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் ஒருவரை அணுகினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “கதவின் ஓசையைக் கேளாதே, சாவியைத் திருப்பி விளக்கைப் பார்” என்றார்.

அவர் உரைத்ததன் பொருள் இது: சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பைக்குரிய எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்து, சில நொடிகளில் அணைதல் வேண்டும். அணையாதிருப்பின் பழுதுண்டு. ஒளிராதே போயின் அஞ்சத்தக்கது. ஏனெனில், ஒருமுறை விரிந்த பை மீண்டும் பயன்படாது. புதியது பொருத்துதல் பெருஞ்செலவு. பொருத்தாமல் விளக்கை மட்டும் அவித்துவிடுவோரும் உளர். யாங்கள் மறுநாள் சென்று சாவியைத் திருப்பினோம். மற்றெல்லா விளக்குகளும் ஒளிர்ந்தன. அவ்வொன்று மட்டும் ஒளிரவேயில்லை. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. சாவியை வணிகர் கையிற் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

இதனால் உயர்தர வண்டிகள் பழிக்கத்தக்கன என்பது கருத்தன்று. செம்மையாகப் பேணப்பெற்ற அத்தகைய வண்டி ஒன்றின் பக்க அரண் மிகச் சிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் தோலிருக்கையும் பளபளப்பும் கதவின் ஓசையும் அவ்வரணுக்குச் சான்றாகா. எத்தனை பைகள் உள்ளன, திரைப்பை பின்னிருக்கை வரை நீள்கின்றதா, பக்க இடியிலும் கம்பத்திலும் சோதிக்கப்பட்டதா என்னும் வினாக்களே சான்று தரும். முடிவில் பெரியப்பா வாங்கியது, ஆறு பைகள் கொண்ட சிறியதொரு புதுச் செடான்.

நம் கையில் உள்ளவை

வாங்கியதோடு காவல் முடிவதில்லை. புதுக் கார் வாங்குவோர் முதலிற் செய்வது இருக்கைகளுக்கு உறை தைத்தல். இருக்கையின் ஓரத் தையலைப் பிளந்துகொண்டே பக்கப்பை வெளிவருதல் வேண்டும். அவ்விடத்தை இறுகப் போர்த்திய உறை அதனைத் தடுத்துவிடும். எனவே அத்தகைய இருக்கைகளுக்கு உறை வேண்டா. வேண்டுமெனின் அதற்கென்றே அமைந்த உறையை நாடுக. கூரையோரக் கொக்கியில் கனத்த பொருள்களைத் தொங்கவிடுதலும், சன்னலின்மேல் தலை சாய்த்து உறங்குதலும் தவிர்க்கத்தக்கன.

இருக்கை வார் பக்க இடியில் பயன்படாது என்று கருதுவோர் பலர், அது தவறு. அடிபட்ட பக்கத்தில் அமர்ந்தவரைப் பை விரியும் இடத்திலேயே நிறுத்துவது அவ்வாரே. மறுபக்கத்தில் அமர்ந்தவர் குறுக்கே எறியப்பட்டு மற்றவர்மேல் வீழாதவாறு தடுப்பதும் அதுவே. முன்னிருப்போர்க்கே அன்றிப் பின்னிருப்போர்க்கும் அது சட்டத்தால் விதிக்கப்பட்டுளது. ஆயினும் நம்மவருள் எத்தனை பேர் பின்னிருக்கையில் அமர்ந்தவுடன் அதனைத் தேடுகின்றனர்?

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை மறத்தலாகாது. பக்க அரண் எத்துணைச் சிறந்ததாயினும் அது ஒரு சாண் அகலமே. முன்புற இடியில் தன் உயிரைத் தானே பணயம் வைப்பவனும், சந்தியில் நிற்காமல் நுழையுங்கால் பிறர் உயிரையே பணயம் வைக்கின்றான். இடிப்பவனுக்கு ஒரு மீட்டர் எஃகு உண்டு, இடிபடுபவனுக்கு ஒரு சாண் வெளியே உண்டு. இவ்வுண்மையை அறிந்தவன் குறுக்குத் தெருவின் வாயிலில் தன் வண்டியைச் சிறிது நிறுத்தத் தவறான். நண்பர்காள், நம்முள் பலர் கல்லூரியை விட்டுச் சென்று சில ஆண்டுகளில் வண்டி ஓட்டப் போகின்றோம். அப்போது இவ்வொரு சாணை நினைவிற் கொள்வோமாக.

எம் வீட்டுப் புது வண்டியில் அக்காள் இன்றும் பின்னிருக்கையில் இடப்புறமே அமர்கின்றாள். ஏறியதும் வாரை இழுத்துப் பூட்டிக்கொள்கின்றாள். பின்பு, முன்னே அமர்ந்த பெரியப்பாவை நோக்கி, “போகலாம் அப்பா, சந்தியிலே மட்டும் நின்று போங்கள்” என்கின்றாள். அவரும் நின்றே செல்கின்றார்.